லாராவுக்கு மூணு மேப்: டர்போ காருக்கு ட்யூனிங் சாஃப்ட்வேர் தேடிய அனுபவம்

எங்கப்பா சோமனூரில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிக்குப் புதுசாக எதையாவது மாட்டச் சொல்லி யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது இதுதான்: "புடிக்கலீன்னா பழையபடி வெச்சுக் குடுக்க முடியுமுங்களா?" முடியும் என்றால்தான் மேற்கொண்டு நாயம். என் காருக்கு ட்யூனிங் சாஃப்ட்வேர் தேடின காலத்தில் இந்தக் கேள்வியை ரெண்டு தடவை கேட்காமல் விட்டேன். முதல் தடவை தற்செயலாகத் தப்பித்தேன், ரெண்டாவது தடவை மாட்டிக்கொண்டேன். மூணாவது தடவை கேட்டேன். அந்த மேப், அதாவது என்ஜின் கணினிக்கு மாற்றி எழுதிய சாஃப்ட்வேர், ஏறி இந்தச் சித்திரையோடு ரெண்டு வருஷம், வண்டி நன்றாக ஓடுகிறது. டர்போ வண்டி வைத்துக்கொண்டு ரீமேப் பண்ணலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைவது தொழில். 2019-இல் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவரிடம் 2012 மாடல் ஸ்கோடா லாரா வாங்கினேன். 1.8 டிஎஸ்ஐ என்ஜின், ஆறு கியர் மேனுவல். கம்பெனி கணக்கில் 160 பிஎஸ் குதிரைத்திறன், 250 என்எம் டார்க் (சுழற்றும் விசை). நீலாம்பூர் தாண்டி மூணாம் கியரில் ஒரு தடவை மிதித்துப் பார்த்த அன்றைக்கே இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

டர்போ இல்லாத என்ஜின் தானாக எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுதான். அதில் சாஃப்ட்வேரை மாற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. டர்போ வண்டியில் எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுவது என்று முடிவு பண்ணுவதே ஈசியு என்ற என்ஜின் கணினிதான். நாம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'இவ்வளவு டார்க் வேண்டும்' என்று அதனிடம் கேட்கிறோம். அது அந்த டார்க்கைக் காற்றின் அளவாக மாற்றி, அதற்கு எவ்வளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), டர்போவைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வை எவ்வளவு மூடுவது, ஸ்பார்க்கை எத்தனை டிகிரி முன்னால் கொடுப்பது, பெட்ரோல் எவ்வளவு என்று கணக்குப் போடும். அந்தக் கணக்குக்கான அட்டவணைகளைத்தான் மேப் என்கிறோம். அதில் கம்பெனி கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கும். மட்டமான பெட்ரோல், கொளுத்தும் வெயில், மலை ஏற்றம், காலத்தில் மாற்றாத பிளக் எல்லாம் ஒட்டுக்கா சேர்ந்து வந்தாலும் என்ஜின் பிழைக்க வேண்டும் என்று விட்ட இடம் அது. ஸ்டேஜ் 1 என்று விற்கும் ஃபைல்கள் இந்த என்ஜினில் 200 பிஎஸ் தருவதாகச் சொல்வது அந்த இடத்தில் கை வைத்துத்தான். அதனால் குதிரைத்திறன் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று தெரிய வேண்டும்.

எனக்கு அது அப்போது தெரியாது. 2020 கடைசியில் 11,000 ரூபாய்க்கு ஒரு ட்யூனிங் பாக்ஸ் வாங்கி மாட்டினேன். பூஸ்ட் சென்சாருக்கும் ஒயருக்கும் நடுவில் உட்காரும் சின்னப் பெட்டி. உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். போதவில்லை என்று நினைத்து ஈசியு இன்னும் பூஸ்ட் ஏற்றும். வண்டி பறந்தது உண்மை. ஆனால் ஈசியுவுக்குப் போய்ச் சேரும் தகவலே பொய். எவ்வளவு காற்று வருகிறது என்றே சரியாகத் தெரியாதவனிடம் ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரியாகக் கொடு என்றால் எப்படி? மூணாவது மாசம் பெருந்துறை கிட்டே என்ஜின் லைட் எரிந்து, வண்டி வேகம் ஏறாமல் ஊர்ந்தது. ஓரம் கட்டிப் பெட்டியைக் கழற்றப் பத்து நிமிஷம் ஆனது. கழற்றியதும் பழையபடி ஆகிவிட்டது. தற்செயலாகத் தப்பித்தேன் என்றது இதைத்தான்.

அடுத்தது வீட்டுக்கே வந்து பண்ணிக் கொடுப்பவர். பேர் வேண்டாம். 225 குதிரை என்றார். லேப்டாப்பை வண்டியின் ஓபிடி போர்ட்டில் (கோளாறு பார்க்கும் சாக்கெட்) சொருகி, டீ குடிப்பதற்குள் முடித்துவிட்டார். முன்னால் ஒரு லாக் (ஓடும்போது ஈசியு காட்டும் எண்களின் பதிவு) எடுக்கவில்லை, பின்னாலும் எடுக்கவில்லை. என்ன பெட்ரோல் போடுகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. நானும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அது மார்கழி மாசம். பொழுதோட வடவள்ளிப் பக்கம் ஓட்டிப் பார்த்தால் காற்று சில்லென்று அடிக்கிறது, வண்டி அம்பு மாதிரி போகிறது. கோயமுத்தூர்க் குளிரில் எந்த மேப்பும் நல்ல மேப்தான்.

ஏப்ரலில் கரூருக்கு ஒரு கல்யாணம். பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழி. க.பரமத்தியின் வெயிலைப் பற்றி நம் பக்கம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டின் அன்றைய உச்ச வெப்பம் என்று செய்தியில் அடிக்கடி வரும் ஊர். மதியம் ரெண்டு மணி, ஏசி முழுசாக, அஞ்சு பேர், டிக்கி நிறையச் சீர்ச்சாமான். ஒரு லாரியைத் தாண்ட நாலாம் கியரில் மிதித்தேன். தகரப் பெட்டியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம். வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, எதிரே பஸ் வருகிறது. எப்படியோ லாரிக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரம்மா மெதுவாகக் கேட்டாள், "ஏனுங்க, உள்ள என்னமோ இடிக்குதுங்களே?" குழந்தைகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் விசிடிஎஸ் கேபிள் வாங்கினேன். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்து வண்டிகளுக்கான மென்பொருள் அது. மேப்பை மாற்றாது, ஈசியு என்ன நினைக்கிறது என்று காட்டும். இதை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். 115-ஆம் குரூப்பில் கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைத்த பூஸ்ட் எவ்வளவு என்று தெரியும். 020-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கை எத்தனை டிகிரி பின்னுக்கு இழுத்திருக்கிறது என்று தெரியும். சிலிண்டருக்குள் மிச்சம் இருக்கும் கலவை ஸ்பார்க் தீ வந்து சேர்வதற்கு முன்னால் தானாக வெடிப்பதுதான் நாக். சூடும் அழுத்தமும் ஏற ஏற அது வரும். நாக் சென்சார் கேட்டதும் ஈசியு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். ஒன்று ரெண்டு டிகிரி அவ்வப்போது இழுப்பது சகஜம். என் வண்டி மத்தியான வெயிலில் மூணாவது சிலிண்டரில் 9 டிகிரி இழுத்தது. உள்ளே போகும் காற்றின் சூடு 70 டிகிரி. அதாவது அந்த 225 குதிரை பரமத்தியில் ஸ்டாக் (கம்பெனி மேப்போடு உள்ள) வண்டியைவிடக் குறைவாகத்தான் இழுத்தது, அதுவும் பிஸ்டனை அடித்துக்கொண்டே.

போன் போட்டேன். "வெயில் காலத்துல அப்படித்தானுங்ணா இருக்கும், பிரீமியம் பெட்ரோல் போடுங்க" என்றார். வெள்ளகோவில் தாண்டி உள்ளூர்ப் பங்கில் நிறுத்தினால் என்ன கிடைக்கிறதோ அதைத்தானே போட முடியும்? "செரி, ஒரிஜினல் ஃபைலைப் போட்டுக் குடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒரிஜினல் எங்கிட்ட இல்லீங்ணா."

இது பலருக்குத் தெரியாத விஷயம், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். பல ஈசியுக்களில் ஓபிடி போர்ட் வழியாக மேப்பை எழுத முடியும், முழுசாகப் படித்தெடுக்க முடியாது. டூல் படிப்பது போலக் காட்டும். உண்மையில் ஈசியுவின் சாஃப்ட்வேர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, அதே எண்ணுள்ள ஃபைலை எங்கோ ஒரு சர்வரிலிருந்து இறக்கும். 'விர்ச்சுவல் ரீட்' என்பார்கள். முறையாகச் செய்தால் அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் வண்டியில் இருந்ததை யாரும் எடுத்து வைக்கவில்லை என்பதும் உண்மை. போதாததற்கு, என் ஈசியுவை வேறு யாரும் படிக்க முடியாதபடி அவர் பூட்டியும் வைத்திருந்தார்.

என்னைக் காப்பாற்றியது ஒரு காகிதம். வண்டி வாங்கின சமயத்தில் நண்பன் ஒருவன் அவனுடைய விசிடிஎஸ்ஸில் ஆட்டோ ஸ்கேன் எடுத்து அச்சடித்துக் கொடுத்திருந்தான். ஈசியுவின் பாகம் எண், சாஃப்ட்வேர் பதிப்பு எல்லாம் அதில் இருந்தது. அதை வைத்துத்தான் பிறகு சரியான ஸ்டாக் ஃபைலைத் தேடி, ஈசியுவைக் கழற்றி, திறந்து, பெஞ்சில் வைத்து எழுத முடிந்தது. வண்டியில் எதையும் தொடுவதற்கு முன்னால் ஆட்டோ ஸ்கேன் எடுத்து ஆர்சி புக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை.

ஸ்டாக்குக்குத் திரும்பின பிறகு நாலு மாசம் எதுவும் செய்யாமல் படித்தேன். நானே ட்யூன் பண்ணலாமா என்றுகூடப் பார்த்தேன். வின்ஓஎல்எஸ் என்ற மேப் திருத்தும் மென்பொருளின் டெமோவை இறக்கி ஃபைலைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் எண்கள். எந்த அட்டவணை எது என்று சொல்லும் விளக்கக் கோப்பு இல்லாவிட்டால் அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. ட்யூனர்ப்ரோ என்ற மென்பொருளிலும் அதே நிலைதான், ஈசியுவுக்கு ஏற்ற விளக்கக் கோப்பு வேண்டும். சுபாரு வைத்திருப்பவர்களுக்கு ரோம்ரைடர் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அமெரிக்க ஜிஎம் வண்டிகளுக்கு ஹெச்பி ட்யூனர்ஸ். எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்குப் பாதிப் பதிலை உங்கள் ஈசியுவே சொல்லிவிடும். பழைய மல்டி பாயின்ட் என்ஜினுக்கு டர்போ ஏற்றி டிராக்கில் ஓட்டுகிறவர்கள் மெகாஸ்கர்ட், ஸ்பீட்யூனோ போன்ற தனி ஈசியு வைத்து, ட்யூனர்ஸ்டுடியோவில் ஓட்டும்போதே மேப்பை மாற்றுகிறார்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் என்னுடையது டைரக்ட் இன்ஜெக்ஷன், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்பையும் இன்ஜெக்டரையும் அந்தப் பெட்டிகள் நேரடியாக ஓட்டாது. அந்தக் கதவு அங்கேயே மூடிவிட்டது.

வெளிநாட்டுப் பிராண்டின் ரெடிமேட் ஃபைலை டீலர் மூலம் வாங்குவது ஒரு வழி. ஒரே என்ஜினுள்ள நிறைய வண்டிகளில் ஓட்டிப் பார்த்துச் செய்த ஃபைல், ஸ்டாக்குக்குத் திரும்பும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். புது வண்டி, வேறெதுவும் மாற்றாத வண்டி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: ஐரோப்பாவில் சாதா பெட்ரோலே 95 ஆக்டேன் (நாக் வராமல் தாங்கும் அளவு), பல ஃபைல்கள் 98-க்கு எழுதப்பட்டவை. நம் நாட்டில் பிஎஸ்6 விதி வந்தபோது சாதா பெட்ரோலின் குறைந்தபட்சம் 91. எந்த ஆக்டேனுக்கு எழுதியது என்று கேட்டு, குறைந்த ஆக்டேன் ஃபைலையே வாங்க வேண்டும்.

என் வண்டிக்கு வயசாகிவிட்டது, கிளட்ச் பழசு. அதனால் வண்டியைப் பார்த்து எழுதுகிற ஆள்தான் வேண்டும் என்று முடிவு பண்ணினேன். மூணு பேரிடம் பேசினேன். ஒருவர் எவ்வளவு குதிரை வேண்டும் என்று கேட்டார். இன்னொருவர் ஓட்டத்தைக் குறைக்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கும் மேப் இலவசம் என்றார். அது பெட்ரோலை எக்ஸாஸ்டில் எரித்துக் கேட்டலிஸ்டையும் டர்போவையும் சுடும் வேலை. ராத்திரியில் தெருவில் தூங்குகிறவர்களுக்கும் இம்சை. ஈரோட்டுப் பக்கத்து மூணாமவர் சொன்னது: "மொதல்ல ஸ்டாக்குல லாக் எடுத்துட்டு வாங்கண்ணா. அப்பறம் பேசலாம்." பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்பாவின் கேள்வியைக் கேட்டேன். "ஒரிஜினலைப் பெஞ்சுல படிச்சு, உங்க பென்டிரைவுல மொதல்ல குடுத்துட்டுத்தான் எழுதுவனுங்க" என்றார். அங்கேயே மனசு இறங்கிவிட்டது.

லாக் எடுப்பது எப்படி என்பதும் முக்கியம். ஒரே கியரில், 2,000 ஆர்பிஎம்மில் தொடங்கி 6,000 வரை முழு மிதி. மூணாம் கியரில் அதைச் செய்தால் நூறைத் தாண்டிப் போய்விடும், அதனால் எல் அண்ட் டி பைபாஸில் செய்கிற வேலை இல்லை. ஒரு தடவை டைனோவில் (சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டுக் குதிரைத்திறன் அளக்கும் மேடை), ஒரு தடவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் டிராக் நாளில் எடுத்தேன். கார் ரேஸ் வீரர் நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊரில் அதற்கென்று டிராக் இருக்கும்போது, பஸ்ஸும் டிவிஎஸ் எக்செல்லும் போகிற ரோட்டில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

ஸ்டாக் லாக்கிலேயே குறை தெரிந்தது. கேட்ட பூஸ்டுக்கும் கிடைத்த பூஸ்டுக்கும் மேல் ஆர்பிஎம்மில் நல்ல இடைவெளி. தேடினால் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிரவைக்கும் பாகம்) ஹோஸ் ஒன்றில் கிளிப் அடியில் விரிசல். பிளக் நாலும் ஆயுள் தாண்டியவை. ரெண்டையும் சரி பண்ண 6,800 ரூபாய். எடுத்து ஓட்டினால், மேப்பே போடாமல் வண்டி வேறு வண்டியாக இருந்தது. இந்த ஓட்டை ஹோஸோடுதான் முன்னவர் பூஸ்டை ஏற்றியிருக்கிறார். ஓட்டையை ஈடுகட்ட டர்போ தலைதெறிக்கச் சுற்றி, காற்றை இன்னும் சூடாக்கியிருக்கிறது. ரீமேப் கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு மெக்கானிக்தான் தேவை என்று ஈரோட்டுக்காரர் சொன்னதை முழுசாக நம்புகிறேன்.

பிறகு கிளட்ச். முந்தின மேப்பில் திம்பம் ஏறும்போது, ஒன்பதாவது வளைவு இருக்கும், ஆர்பிஎம் முள் ஏறியது, வண்டி ஏறவில்லை. புது கிளட்ச் போட்டு 320 என்எம் எடுப்பதா, இருக்கும் கிளட்ச் தாங்குகிற அளவுக்கு மேப் எழுதுவதா? நான் ரெண்டாவதைக் கேட்டேன். டார்க்கை 290-க்கு மேல் போகாமல் கட்டி, அதையும் 2,000 ஆர்பிஎம்மில் ஒரேயடியாகக் கொட்டாமல் படிப்படியாக வரச் செய்தார். மேல் ஆர்பிஎம்மில் பூஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். காற்று சூடானால் பூஸ்டும் டைமிங்கும் தானாகக் குறையும் அட்டவணைகளில் அவர் கை வைக்கவே இல்லை. "பரமத்திக்கு அதுதானுங்ணா உங்களுக்குக் காவல்." நாலு தடவை திருத்தினார், ஒவ்வொன்றுக்கும் லாக் கேட்டார். மொத்தம் 35,000 ரூபாய். அதே டைனோவில் முன்னும் பின்னும் ஏற்றிப் பார்த்ததில் சக்கரத்தில் 31 குதிரை கூடுதல். வெவ்வேறு டைனோ எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கடைசித் திருத்தத்தை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறிப் பார்த்தோம். இதை அவர் சொல்லும்வரை நான் யோசித்ததில்லை. கோயமுத்தூரில் வெளிக்காற்றின் அழுத்தம் 96, 97 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் சுமார் 77. உள்ளே 200 வேண்டும் என்று மேப் கேட்டால், கீழே டர்போ காற்றை ரெண்டு மடங்கு அழுத்தினால் போதும், ஊட்டியில் 2.6 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு அது எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும்! கம்பெனி மேப்பில் உயரத்துக்கு ஏற்பப் பூஸ்டைக் குறைக்கும் கணக்கு இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் மலையில் டர்போவின் ஆயுள்தான் கரையும். மலைக்கு அடிக்கடி போகும் நம் பக்கத்துக்காரர்கள் ட்யூனரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது இது.

இ20, அதாவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் கணக்கில் வர வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலில் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, இ20-இல் சுமார் 13.5. அதே காற்றுக்குச் சுமார் 9 சதம் கூடுதல் பெட்ரோல் போக வேண்டும். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், நாக் விஷயத்தில் உதவும். ஆனால் பம்பும் இன்ஜெக்டரும் ஏற்கெனவே விளிம்பில் ஓடும்படி மேப் எழுதியிருந்தால் அந்தக் கூடுதலுக்கு எங்கே போவது? அதனால் லாக்கில் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) விழுகிறதா என்று பார்த்தோம், விழவில்லை. என் வண்டி இ20-க்காகச் செய்ததும் அல்ல, ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் ஹோஸ்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

எழுதும்போது பேட்டரியில் சார்ஜர் போட்டு வோல்டேஜ் இறங்காமல் வைத்திருந்தார். நடுவில் கரண்ட் விழுந்தால் ஈசியு பாதி ஃபைலோடு நின்றுவிடும். டீலரிடம் சர்வீஸுக்கு விட்டால் சாஃப்ட்வேர் அப்டேட் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அப்டேட் நம் மேப்பை அழித்துவிடும். வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் வாரண்டி முடியும்வரை பொறுப்பதே நல்லது. சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, புது ஆர்சியில் குதிரைத்திறனும் அச்சாகிறது. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் கிளைம் சிக்கலாகும். நான் எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். தெரிந்து முடிவெடுங்கள்.

போன மாசம் என் மச்சான் அவனுடைய போலோ ஜிடி டிஎஸ்ஐ-யைக் கொண்டு வந்தான். ஸ்டாக்கில் 105 பிஎஸ், 175 என்எம். அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 என்எம் வரை தாங்கும் கணக்கில் செய்தது, கொஞ்சம் இடம் இருக்கிறது. அதே வகை கியர்பாக்ஸோடு வந்த ஆக்டேவியா 1.8-இல் ஸ்டாக்கே 250, அங்கே இடமே இல்லை. "யாருகிட்டப் போலாமுங்க மாமா?" என்றான். கேபிளைக் கையில் கொடுத்து, ஆட்டோ ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் (சரியாக எரியவில்லை) என்று வந்தது. இப்போதைக்கு இக்னிஷன் காயில் மாற்ற வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது.